மோட்டார் வாகனங்களில் கூடுதல் விளக்குகள்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த பஞ்சாயத்து அன்பர்கள், விவசாயிகள் முன்னிலையில் ஆற்றிய பேச்சு)



மாட்டு வண்டிகள் இரவெல்லாம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வண்டியின் அச்சுக்கடியில் ஓர் அரிக்கன் விளக்கைக் கட்டித் தொங்க விடுவார்கள். அந்த விளக்கு மாட்டுக்கு வழிகாட்டுவதற்காக அன்று. மாட்டுக்கு வழி தெரியும். வண்டிக்காரர் உறங்கிவிட்டாலும் அது வீடு வந்து சேர்ந்துவிடும். “இங்கே ஒரு வண்டி வருகிறது” என்று எதிரே வருபவருக்கு அறிவிப்பதற்காகவே அந்தச் சிறு விளக்கு எரிந்தது. மோட்டார் வாகன விளக்குகளைப் பற்றிய சட்டத்தை நாம் படித்துப் பார்த்தபோது, பாதிக்குப் பாதி இந்த அரிக்கன் விளக்கின் நியாயமே அதில் இருப்பதைக் கண்டோம்.

நம்முடைய இரு மாவட்டங்களும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2007 நவம்பர் முதல் தனித்து நிற்கிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் ஏற்றிய டிராக்டர்கள். அவற்றுக்கு நடுவே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் ஓயாத போக்குவரத்து. இதே சாலைகளில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஆட்டுக் கிடையை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் நடக்கிறார்கள்.

இந்நிலையில், கண்ணைப் பறிக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் மலிவாகக் கடைகளில் கிடைக்கின்றன. டிராக்டரின் கூரைமேல் ஒன்று, லாரியின் பம்பரில் நான்கு, மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் இரண்டு என்று மாட்டிக் கொள்கிறோம். “இது சட்டப்படி சரியா? இதை மாட்டியிருந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?” என்று பலர் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு நாம் அறிந்த அளவில் விடை கூறவே இங்கு வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். எல்.ஈ.டி. விளக்கு என்பதே குற்றம் அன்று. இன்று பல வாகனங்கள் அத்தகைய விளக்குகளோடுதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவருகின்றன. அவை சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றவை. ஆலசன் பல்புக்கென்று அமைத்த விளக்குக் கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்.ஈ.டி. பல்பைச் சொருகுவதும், கம்பெனி வைக்காத இடத்தில் புதிய விளக்கைப் பொருத்துவதுமே சிக்கலுக்கு இடமானவை. ஆலசன் பல்பில் ஒளி தருவது ஒரு சிறு கம்பிச் சுருள். அது எந்த இடத்தில் எரிகிறதோ அதைக் கணக்கிட்டே, பின்னாலுள்ள பிரதிபலிக்கும் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். எல்.ஈ.டி.யின் ஒளிச் சில்லு அதே அளவில் அதே இடத்தில் அமைவது அரிது. ஆகவே தரையில் விழவேண்டிய ஒளி சிதறி, மேலெழுந்து, எதிரே வருபவர் முகத்தில் விழுகிறது. ஜெர்மனி நாட்டிலும் 2020-ஆம் ஆண்டு முதல், இன்ன விளக்குக் கூட்டுக்கு இன்ன எல்.ஈ.டி. பல்பு என்று சோதித்து, குறிப்பிட்ட வாகன மாதிரிகளுக்கு மட்டுமே அனுமதி அளிக்கத் தொடங்கினார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பிவிடலாகாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை உரிமையாளர் மாற்றியமைக்கலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியின்றிப் பாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றுகிற உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. “ஒவ்வொரு மாற்றத்துக்கும்” என்ற சொற்களைக் கவனியுங்கள்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. முன் விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். அல்லது ஓட்டுநர் தாழ்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அது கூசச் செய்யலாகாது என்று 106-ஆவது விதி அளந்தே சொல்கிறது. மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். ஸ்பாட் லைட், சர்ச் லைட் ஆகியவற்றை வாகனத்தின் முன்புறம் பொருத்துவதை 111-ஆவது விதி தடை செய்கிறது; விசேஷ காரணம் இருந்தால், பதிவு செய்யும் அதிகாரியின் முன் அனுமதி பெற்றே பொருத்தலாம். முன்புறம் சிவப்பு ஒளியும், பின்புறம் சிவப்பல்லாத ஒளியும் காட்டலாகாது என்பது 108-ஆவது விதி. பின்னோக்கி வரும்போது எரியும் விளக்கு, நம்பர் பலகைக்கு ஒளி தரும் விளக்கு முதலியவை இதற்கு விலக்கு.

இந்தக் கடைசி விதியின் அருமையை நாம் அனுபவத்தில் உணர்ந்தோம். ஒருநாள் நன்கு இருட்டிய பின் பெரம்பலூரிலிருந்து அரியலூர் நோக்கி வந்துகொண்டிருந்தோம். முன்னே பளீரென்று ஒரு வெள்ளை ஒளி தெரிந்தது. எதிரே வாகனம் வருகிறது என்று எண்ணிய எங்கள் ஓட்டுநர், அது நம்மைக் கடந்து போய்விடும் என்று அதே வேகத்தில் சென்றார். ஒளி கடக்கவில்லை, நெருங்கிக்கொண்டே இருந்தது. பிரேக்கை அழுத்தி நிறுத்திய பிறகுதான், நாம் போகும் திசையிலேயே மெல்லப் போய்க்கொண்டிருந்த ஒரு டிராக்டரின் பின்புற வேலை விளக்கு அது என்று தெரிந்தது. அதன் கீழே கல்டிவேட்டர் கலப்பையின் கொழுக்கள் நீட்டிக்கொண்டிருந்தன. விளக்கின் கூச்சத்தில் அவை கண்ணுக்குத் தெரியவே இல்லை. டிராக்டர் ஓட்டியவர் நல்ல மனிதர். “பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் ஐயா போட்டு வைத்தேன்” என்றார். எங்களுக்கு மறுமொழி சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்குப் பதிலாக ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அங்கே வந்திருந்தால்?

கண் கூசிய பிறகு பார்வை பழைய நிலைக்குத் திரும்பச் சில விநாடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடிக்குள் வாகனம் 50 மீட்டர் தூரத்தைக் குருடாகவே கடந்துவிடுகிறது.

அடுத்தது இன்ஷூரன்ஸ். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. அவற்றைக் குழப்பிக் கொள்வதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் உரியது ஒன்று. சட்டப்படி எல்லோரும் எடுத்தே தீரவேண்டியது அது. இதில் கம்பெனி பொறுப்பை மறுப்பதற்குச் சட்டம் சில காரணங்களை மட்டுமே அனுமதித்திருக்கிறது. கூடுதல் விளக்கு என்று ஒரு காரணம் அங்கே தனியாகச் சொல்லப்படவில்லை. ஆகவே அடிபட்டவரின் குடும்பம், விளக்கைக் காரணம் காட்டி நம்மைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அஞ்சி வழக்குப் போடாமல் இருந்துவிடக் கூடாது. அதே சமயம், அடிபட்டவர் நாமாகவே இருந்து, நம் விளக்கே எதிராளியின் கண்ணைக் கூசச் செய்தது என்று நிரூபணமானால், கவனக் குறைவில் நமக்கும் பங்கு உண்டு என்று டிரிப்யூனல் கணக்கிட்டு, ஈட்டுத் தொகையைக் குறைக்கக் கூடும்.

நம் வாகனத்துக்கு நேரும் சேதத்துக்கு உரியது மற்றொன்று. உற்பத்தியாளர் விலையில் சேராத மின்சாரச் சாமான்களைப் பாலிசியில் தனியே குறிப்பிட்டு, அவற்றுக்கென்று பிரீமியம் கட்டினாலன்றி அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. லாரிக்கும் டிராக்டருக்கும் இன்னும் ஒரு சங்கதி உண்டு. அவற்றுக்குரிய வழக்கமான பாலிசியில், வாகனம் முழுவதும் அழிந்தாலன்றி, விளக்குகள், டயர், மட்கார்டு முதலியவற்றின் சேதம் சேர்வதில்லை. கம்பெனி வைத்த விளக்குக்கும் இதே கதிதான். தனிப் பிரீமியம் கட்டியே அதைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். நம்மில் எத்தனை பேர் பாலிசிக் காகிதத்தில் அந்த வரியைப் படித்திருக்கிறோம்?

பிரீமியம் கட்டிவிட்டால் சட்டவிரோதமான விளக்கு சட்டப்படியானதாக ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வயரிங்கில் இருக்கிறது. பியூஸ் இல்லாமல் பாட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்து விளக்கு மாட்டிய வண்டி தீப்பிடித்தால், மதிப்பீடு செய்ய வரும் சர்வேயர் அந்தக் கம்பியையே முதலில் பார்ப்பார். வாகனத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனைகளுள் ஒன்றாதலால், அங்கே தகராறுக்கு இடமாகிவிடுகிறது.

குப்பை அள்ளும் டிராக்டர் முதலிய பஞ்சாயத்து வாகனங்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும்; சட்டத்தின் கண்ணில் அங்கே உரிமையாளர் பஞ்சாயத்தே. இருட்டான திருப்பத்துக்கு ஒளி வேண்டுமானால் அங்கே ஒரு தெருவிளக்குப் போடச் செய்வதுதான் பஞ்சாயத்துக்கு அழகு. எல்.ஈ.டி.யின் பெருமையெல்லாம் அங்கே நன்றாகவே விளங்கும்.

வயலில் இரவு வேலைக்கு ஒளி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். கம்பெனி வைத்த வேலை விளக்கை வயலில் தாராளமாக எரியுங்கள்; வரப்பைத் தாண்டிச் சாலையில் ஏறும்போது அணைத்துவிடுங்கள். அதன் ஸ்விட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிரெய்லரின் பின்புறம் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா, சிவப்புப் பிரதிபலிப்பான்கள் சேறு படியாமல் இருக்கின்றனவா என்று புறப்படுமுன் ஒருமுறை பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். பின் விளக்கின் சிவப்பு 155 மீட்டருக்கு அப்பால் தெரிய வேண்டும் என்பது விதி. முன் விளக்கு மங்கலாகத் தோன்றினால், புது விளக்கு வாங்குமுன் கண்ணாடியைத் துடைத்து, ஒளியின் உயரத்தை ஒரு மெக்கானிக்கைக் கொண்டு சரி செய்யுங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும். ஏற்கனவே மாட்டிய விளக்கு இருந்தால், அடுத்த எப்.சி.க்குக் காத்திராமல் கழற்றி, கம்பியின் முனையையும் மூடிவிடுங்கள். பாலிசியைப் புதுப்பிக்கும் நாளில், விளக்குச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜெண்டைக் கேட்டு, அவர் சொல்வதைப் பாலிசியிலேயே எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.