ஹம்லெற்றின் தயக்கம்

பழிக்குப் பழி வாங்கும் கதைகள் உலகத்து மொழிகள் பலவற்றிலும் உண்டு. அக்கதைகளின் தலைவர்கள் பெரும்பாலும் ஐயம் அறியாதவர்கள். பகைவன் இன்னான் எனத் தெரிந்ததும் வாளை எடுப்பர், தடைகளைக் கடப்பர், எடுத்த கருமத்தை முடிப்பர். அவர்களை மறித்து நிற்பன கோட்டையும் காவலும் படையுமேயன்றி அவர்தம் நெஞ்சம் அன்று. இவர்கள் நடுவே ஒருவன் மட்டும் வேறுபட்டு நிற்கின்றான். அவனுக்குக் கோட்டை தடையன்று. அதனுள்ளேயே அவன் வாழ்கின்றான். காவல் தடையன்று, பகைவனோடு முகம் நோக்கி உரையாடுகின்றான். அவன் வழியை மறிப்பது அவனுடைய உள்ளமே. அவனே சேக்ஸ்பியர் படைத்த டென்மார்க்கு நாட்டு இளவரசன் ஹம்லெற்.

கதையை நேயர்கள் அறிவர். ஆயினும் அதன் தொடக்கத்தைச் சுருங்க நினைவூட்டல் நலம். விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் கற்ற ஹம்லெற், தந்தையின் மறைவால் துயருற்றிருக்கின்றான். மன்னர் இறந்து இரண்டு திங்கள் நிறையுமுன்னரே அவன் தாய் கேற்றூட், மன்னரின் தம்பியாகிய கிளோடியசை மணந்துகொண்டாள். அரியணையும் அவன் வசமாயிற்று. சோலையில் உறங்கிய மன்னரைப் பாம்பு தீண்டியதென்பது ஊரார் பேச்சு. நள்ளிரவில் எல்சினோர் கோட்டை மதிலிலே தோன்றிய தந்தையின் ஆவியோ வேறு செய்தி கூறுகின்றது. செவியில் நஞ்சை ஊற்றிக் கொன்றவன் தம்பியே என்றும், அக்கொலைக்கு மகன் பழிவாங்க வேண்டும் என்றும் அது பணிக்கின்றது.

இக்கதை சேக்ஸ்பியரின் கற்பனையில் முதன்முதல் தோன்றியதன்று. சாக்சோ கிரமற்றிக்கஸ் என்னும் டென்மார்க்கு நாட்டு வரலாற்றாசிரியர், ஏறத்தாழ கி.பி. 1200ஆம் ஆண்டளவில், அம்லெத் என்னும் இளவரசனின் கதையை இலத்தீன் மொழியில் எழுதிவைத்தார். அக்கதையில் கொலை மறைவாக நடந்ததன்று. யார் கொன்றார் என்பதை நாடே அறியும். தன் உயிரைக் காத்துக்கொள்ளவே அம்லெத் பித்தனைப்போல நடிக்கின்றான். காலம் வாய்த்ததும் பகைவரை அழித்து அரசனாகின்றான். அங்கே காத்திருத்தல் உண்டு, தயக்கம் இல்லை. 1600ஆம் ஆண்டளவில் இக்கதையை நாடகமாக்கிய சேக்ஸ்பியர், வெளிப்படையான கொலையை எவரும் அறியாத கொலையாக மாற்றினார். அதற்குச் சான்று ஓர் ஆவியின் வாய்மொழி மட்டுமே. இந்த ஒரு மாற்றத்தினாலே, புறத்தே நிகழவேண்டிய போர் அகத்தே நிகழும் போராயிற்று.

ஆவியின் கட்டளையைக் கூர்ந்து நோக்கினால், அது ஒன்றன்று, இரண்டு என்பது புலனாகும். பழிவாங்கு என்பது ஒன்று. அதனை எவ்வாறு செய்யினும் உன் மனம் மாசுபடலாகாது, தாய்க்குத் தீங்கு நினைத்தலும் ஆகாது என்பது மற்றொன்று. கொலைத் தொழிலை மேற்கொள்பவன் மனத்தை மாசின்றிக் காப்பது எங்ஙனம்? ஹம்லெற்றின் முழுத் துன்பமும் இவ்விரு கட்டளைகளின் இடையே அடங்கிக் கிடக்கின்றது. குருக்ஷேத்திரத்தில் விசயனும் தயங்கினான். ஆயின் அவன் வினவிய வினாக்கள் அனைத்திற்கும் விடை கூறத் தேர்த்தட்டிலே கண்ணன் இருந்தான். ஹம்லெற்றுக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை. கட்டளை இட்ட தந்தை விடியுமுன் மறைந்துவிடுகின்றார். விடையை அவனே தேடவேண்டியவனாகின்றான்.

அவனுடைய முதல் ஐயம் நியாயமானதே. தோன்றியது தந்தையின் ஆவிதானா? துயருற்றவனை ஏமாற்றிப் பாவத்தில் வீழ்த்த வந்த பேயாகவும் இருக்கலாமன்றோ? ஆவிகள் பற்றிச் சமயவாதிகள் மாறுபட்டு வாதிட்ட காலம் அது. ஆதலின் அக்கால மக்களுக்கு இவ்வையம் வெறுஞ்சாக்காகத் தோன்றியிராது. சான்று தேடும் ஹம்லெற், அரண்மனைக்கு வந்த நடிகரைக்கொண்டு ஒரு நாடகத்தை அரங்கேற்றுகின்றான். தந்தை கொலையுண்ட விதமே அந்நாடகத்தில் நடித்துக் காட்டப்படுகின்றது. அதனைக் கண்ட கிளோடியஸ் கலங்கி எழுந்து செல்கின்றான். ஐயம் தீர்ந்தது. இனித் தயக்கம் எதற்கு?

இங்கேதான் நாடகத்தின் மிக நுண்ணிய காட்சி வருகின்றது. அன்றிரவே கிளோடியஸ் தனியே முழந்தாளிட்டு இறைவனைத் தொழ முயல்கின்றான். பின்னே ஹம்லெற் வருகின்றான். கையில் வாள், எதிரே காவலற்ற பகைவன். ஆயினும் வாளை மீண்டும் உறையில் இடுகின்றான். தொழும் வேளையில் கொன்றால் இவனுயிர் விண்ணுலகு சேரும்; பாவத்தில் திளைக்கும் வேளையில் கொன்று நரகிற்கு அனுப்புவதே தக்கது என்பது அவன் கூறும் காரணம். இஃது இரக்கத்தால் எழுந்த தயக்கம் அன்று. உடலைக் கொல்வது போதாது, உயிரையும் கெடுக்கவேண்டும் என்னும் வேட்கை அது. தீர்ப்பளிக்கும் இறைவனின் இருக்கையிலேயே தான் அமர முற்படுகின்றான். மாசுபடலாகாது என்று எச்சரிக்கப்பெற்ற மனம் மாசுபடத் தொடங்கியது இவ்விடத்திலேதான்.

அவன் சென்றபின் கிளோடியஸ் எழுகின்றான். வாய் தொழுததேயன்றி உள்ளம் தொழவில்லை என அவன் தன்னைத்தானே நொந்துகொள்கின்றான். அரசையும் அரசியையும் விட்டுவிட மனமில்லாதவனுக்கு மன்னிப்பு ஏது? ஹம்லெற் அஞ்சிய விண்ணுலகு அவனுக்குத் திறந்திருக்கவேயில்லை. இதனை அவையோர் அறிவர், ஹம்லெற் அறியான்.

தயங்கியவன் அடுத்த நாழிகையிலேயே அவசரக்காரனாகின்றான். தாயின் அறையிலே திரைக்குப் பின் எழுந்த குரலைக் கேட்டு, அரசன்தான் என எண்ணி வாளைப் பாய்ச்சுகின்றான். மடிந்தவரோ முதிய அமைச்சர் பொலோனியஸ். நோக்கிக் கொல்லவேண்டியவனை விட்டுவிட்ட கை, நோக்காது மற்றொருவரைக் கொன்றது. தந்தையை இழந்த ஒபீலியா சித்தங்கலங்கி நீரில் மூழ்கி இறக்கின்றாள். அவள் தமையன் லயேற்றீஸ், இப்பொழுது தானும் பழிவாங்க வேண்டிய மகனாகின்றான்.

லயேற்றீஸ் சான்று தேடவில்லை. தேவாலயத்தினுள்ளும் பகைவனைக் கொல்லத் துணிந்தவன் அவன். அந்த வேகமே அவனைக் கிளோடியசின் கைக்கருவியாக்கியது. நஞ்சு தோய்ந்த வாளோடு போட்டிக்கு வந்த அவன், அவ்வாளினாலேயே மடிகின்றான். நோர்வே நாட்டு இளவரசன் போட்டின்பிராசும் தந்தையை இழந்தவனே. அவன் பழியைக் கைவிட்டு வேறு வழி செல்ல, டென்மார்க்கின் அரியணை அவனைத் தேடி வருகின்றது. ஒரே துன்பத்தை மூன்று மைந்தர்க்கு அளித்து, மூவரையும் மூன்று வழியில் நடத்திக் காட்டுகின்றார் கவிஞர்.

ஹம்லெற்றின் தயக்கத்திற்கு அறிஞர் பலர் பல காரணங் கூறினர். ஜெர்மானியக் கவிஞர் கதே, ஆற்றவொண்ணாப் பெருஞ்செயல் மென்மையான உள்ளத்தின்மீது சுமத்தப்பட்டது என்றார். கோல்றிட்ஜ் சிந்தனை மிகுந்து செயல் தேய்ந்தது என்றார். பேராசிரியர் பிராட்லி, 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தாயின் மறுமணத்தால் விளைந்த ஆழ்ந்த மனச்சோர்வே காரணம் என நிறுவினார். இவை ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. எனினும் இவை யாவும் தயக்கத்தை ஒரு குறையாகவே கருதிக் காரணந் தேடுகின்றன. கொல்லுமுன் தயங்குதல் குறையா? தயங்காது கொல்லுதலன்றோ அஞ்சத்தக்கது?

அவ்வாறாயினும் ஹம்லெற்றைக் குற்றமற்றவன் எனக் கூறிவிடவும் கவிஞர் இடந்தரவில்லை. இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலே, தன்னைக் கொல்லும்படி எழுதப்பட்ட திருமுகத்தை மாற்றியெழுதி, உடன்வந்த பழைய தோழர் இருவரை மரணத்திற்கு அனுப்புகின்றான். அதற்காக அவன் மனச்சான்று வருந்தவும் இல்லை. ஒருவன் மடியவேண்டிய இடத்தில், நாடகம் முடியுமுன் எண்மர் மடிகின்றனர்.

இறுதிக் காட்சியில் அவன் திட்டம் எதுவும் வகுக்கவில்லை. வருவது வருக என அமைதியுற்ற உள்ளத்தோடு வாட்போட்டிக்குச் செல்கின்றான். தாய் நஞ்சுண்டு வீழ்கின்றாள்; லயேற்றீஸ் சூழ்ச்சியை அவையறியச் சொல்லிவிடுகின்றான். அதன் பின்னரே ஹம்லெற்றின் வாள் கிளோடியஸ்மீது பாய்கின்றது. இருளில் ஆவி சொன்னதைக் கேட்டுச் செய்ய இயலாத செயலை, அனைவரும் காணக் குற்றம் வெளிப்பட்ட வேளையிலே அவனால் செய்ய முடிந்தது. ஆனால் அப்பொழுது அவன் உடலிலும் நஞ்சு ஏறியிருந்தது.

இந்நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' எனத் தமிழ் மேடைக்கு ஆக்கித் தந்தார். டென்மார்க்கு இளவரசன் தமிழ்ப் பெயர் பூண்டபோதும் அவன் நெஞ்சப் போராட்டம் அயலாகத் தோன்றாது. தயங்கிய ஹம்லெற்றும் உயிரிழந்தான். தயங்காத லயேற்றீசும் உயிரிழந்தான். இருவரும் சாகுந்தறுவாயில் ஒருவரையொருவர் மன்னித்தனர். தந்தையர் பொருட்டு வாளெடுத்த மைந்தர் இருவர்க்கும் கிடைத்த ஆறுதல் அம்மன்னிப்பு ஒன்றேயாகும்.