பவர் வீடர் கரும்புகை கக்கினால்…
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



உங்கள் பவர் வீடரின் பெட்ரோல் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, சூடேறியதும் கரும்புகை விட்டுத் திணறுகிறதா? அப்படியானால் காற்றின் அளவுக்கு மிஞ்சிப் பெட்ரோல் உள்ளே போகிறது என்று கொள்ளலாம். 1 லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் வீணாவதோடு, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேயும். பெட்ரோல் செலவைவிட இந்த நட்டமே பெரிது.

என்ஜின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். விளக்குக் கரிபோல் உலர்ந்த கறுப்பு படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. பிசுபிசுப்பான கறுப்பும் நீலப்புகையும் இருந்தால் எரிவது ஆயில். அது வேறு பழுது.

அடுத்து சோக்கைக் கவனியுங்கள். நெம்புகோலைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே தகடும் முழுவதும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி காற்று வடிகட்டிதான். புழுதிக்காட்டில் உழைக்கும் கருவிக்கு இது ஒரே நாளில்கூட அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் வடிகட்டியானால் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, என்ஜின் ஆயிலில் நனைத்து நன்றாகப் பிழிந்து மாட்டுங்கள். ஆயில் சொட்டச் சொட்ட மாட்டினால் அதுவே காற்றை அடைக்கும். காகித வடிகட்டியைக் கழுவவோ ஆயில் இடவோ கூடாது. மெல்லத் தட்டுங்கள், அழுக்கு போகாவிட்டால் புதிதாக மாற்றுங்கள். வடிகட்டி இல்லாமல் வயலில் ஓட்டுவது என்ஜினுக்கு மண்ணை ஊட்டுவதாகும்.

இவை சரியாக இருந்தும் கரும்புகை நிற்கவில்லையா? கார்புரேட்டரில் மிதவையின் ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். நிறுத்திய பிறகும் பெட்ரோல் கசிவது இதற்கு அடையாளம். பெட்ரோல் குழாயை மூடி, மிதவைக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, ஊசி தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அருகில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

பலரும் முதலில் கைவைப்பது கார்புரேட்டர் திருகில்தான்! அது பெரும்பாலும் மெதுவோட்டத்துக்கு மட்டுமே உரியது. முழு வேகத்தில் பெட்ரோலை அளந்துவிடுவது ஜெட். திருகைத் திருப்பி இருந்த அளவையும் தொலைத்துவிடாதீர்கள்.

சோதிக்கும்போது கருவியைக் கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள். இந்தப் புகையில் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு மிகுதி.

கடைசியாக, ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்து பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால், பழுதை நீக்கி ஆயிலை மாற்றிய பிறகே கயிற்றை இழுக்க வேண்டும்.