தண்ணீரோடு சண்டை வேண்டாம்

(பரிசளிப்பு விழாவில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் நான் 42 வயதில் படித்த படிப்பைப் பற்றி. அது நீச்சல்.

நாம் தீவுக்காரர்கள். எந்தப் பக்கம் போனாலும் கடல். நீந்தத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள், பார்ப்போம். ஆமாம், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஐந்தாம் ஆண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பையன் ஒருவன், பள்ளி விடுமுறையில் பத்து பெரிங்கி கடலில் குளிக்க இறங்கினான். திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து என் அம்மா, "கடல் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்கு நீச்சல் தெரியாமல்தான் அப்படி ஆனது என்பதை யாரும் பேசவில்லை. எங்களுக்கும் யாரும் கற்றுத் தரவில்லை.

பல வருஷம் கழித்து, வேலையிடத்து நண்பர்கள் என்னை டிரையத்லான் போட்டிக்கு இழுத்தார்கள். நீந்தி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடி முடிக்க வேண்டும். 1974-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தொடங்கி, 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்ந்த விளையாட்டு. ஒலிம்பிக் தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். அதே 2000-இல் நம் லங்காவியில் 'அயர்ன்மேன்' போட்டி முதன்முதலாக நடந்தது. அதில் நீச்சல் மட்டும் 3.8 கிலோமீட்டர். பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் வருகிற தூரத்தைவிட அதிகம்! எனக்கு அந்தப் பேராசை இல்லை. ஒன்றரை போதும் என்றேன்.

சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ வந்துவிட்டன. பினாங்கு மலையை நடந்தே ஏறுகிறவன் நான். ஆனால் குளத்தில் 25 மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பாட்டி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அலட்டிக்கொள்ளாமல் போய் வந்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என் சீனப் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே மலாயில், "ஜாங்ஙான் லாவான் ஆயிர்" என்றார். தண்ணீரோடு சண்டை போடாதே என்று அர்த்தம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அது தடுக்கிற தடை நான்கு மடங்காகும். ஆகவே பலத்தைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பதுதான் லாபம்.

நான் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தினேன். தலை ஏறினால் கால் தாழும். கால் தாழ்ந்தால் உடம்பு முழுவதும் தண்ணீருக்கு அணை போட்ட மாதிரி நிற்கும். குளத்தின் அடித்தரையைப் பார் என்றார். கால் தானே மேலே வந்தது. இரண்டாவது தப்பு மூச்சு. தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன். உள்ளே கரியமில வாயு சேரச் சேர நெஞ்சு படபடக்கும். அதைத்தான் பயம் என்று நினைத்திருந்தேன். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழி விட்டு வெளியேற்ற வேண்டும். பிறகு உடம்போடு சேர்த்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் காற்று தானாக உள்ளே வரும். இந்த ஒன்றைப் பழக எனக்கு ஆறு வாரம் பிடித்தது. குமிழி விடுகிற கிழவன் என்று சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கையை முன்னே நன்றாக நீட்டி, முழங்கையை உயர்த்தி வைத்து, முன்கை முழுவதையும் துடுப்பாக்கிப் பின்னே தள்ள வேண்டும். காலை அதிகம் உதைக்கக் கூடாது. சைக்கிளுக்கு அந்தக் கால்தானே வேண்டும்! முதலில் 25 மீட்டருக்கு 34 முறை கை வீசினேன். நாலு மாதத்தில் 22 ஆனது. வேகம் குறையவில்லை, களைப்புத்தான் குறைந்தது.

நம் தமிழ் ஆட்களுக்கு இதெல்லாம் வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1954-இல் இலங்கையின் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தினார். நம் நாட்டு அப்துல் மாலிக் மைடின் 2003-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் மலேசியர் ஆனார். அதே கால்வாயில்தான் 1984-இல் ஆனந்தன் உயிரை விட்டார். இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவ்வளவு பெரிய வீரருக்கே அப்படியென்றால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? தனியாக இறங்கக் கூடாது. சொறிமீன் வந்திருக்கிறதா என்று கரையிலுள்ளவர்களிடம் கேட்க வேண்டும். குளத்தில் நன்றாகப் பழகாமல் கடலுக்குப் போகக் கூடாது.

என் போட்டியில் கடைசியிலிருந்து நான்காவது ஆளாகக் கரையேறினேன். அம்மா குடையோடு மணலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "முதல்ல தலையைத் துவட்டுடா" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் நம் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் கற்றுத் தருவார். நான் கரையில் நின்று பார்த்துக்கொள்வேன். முதல் 15 பிள்ளைகளின் மூன்று மாதக் கட்டணம் என் பொறுப்பு. பெயர் கொடுக்க விரும்புகிற தாய்மார்கள் விழா முடிந்ததும் கேண்டீன் பக்கம் வாருங்கள், நோட்டுப் புத்தகத்தோடு அங்கேதான் இருப்பேன்.