காய்ச்சலை மறைத்தது ஏன்?

(நம் சங்கத்தின் மைசூர்க் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொற்றுநோய்க் காலத்தில் சனங்கள் ஏன் எச்சரிக்கையாக இருப்பதில்லை என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிலேயே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. படிக்காத சனம், பயமில்லாத சனம், சொன்னால் கேளாத சனம் என்று 2020இல் நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சீமையில் வாழ்ந்தவர்களையும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்கள் சொல்வது வேறு. சனங்கள் ஆபத்தை நிறுத்துப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். தராசின் ஒரு தட்டில் நோய் இருக்கிறது. மறு தட்டில் இருப்பது மேலே உள்ளவர்கள் கண்ணில் படுவதில்லை.

1896இல் பம்பாயில் புகுந்த பிளேக், 1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. மைசூர் நகரமும் தப்பவில்லை. அப்போது திவான் சேஷாத்திரி ஐயர். பிளேக் கமிஷனராக இருந்தவர் வி.பி. மாதவராவ், நம் கும்பகோணத்தில் பிறந்தவர். நோயாளியை ஆஸ்பத்திரிக்கும், வீட்டாரைத் தனி முகாமுக்கும் அனுப்பினார்கள். ரயிலில் வருகிறவரை இறக்கிச் சோதித்தார்கள். பிணத்தைக்கூடச் சோதித்த பிறகுதான் எடுக்க விட்டார்கள். நோய்த் தடுப்பு என்று பார்த்தால் இவற்றில் சில நியாயமான காரியங்களே. ஆனால் சனங்கள் நோயாளியை மறைத்தார்கள். 1898 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் பிளேக் நடவடிக்கைகளை எதிர்த்துக் கலவரமே வெடித்தது.

அவர்களுக்குப் பிளேக் பயம் இல்லையா? நெறி கட்டியவர்களில் பாதிக்கு மேல் பிழைக்காத காலம் அது. பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன தகப்பன் திரும்பி வருவானா என்று தெரியாது. செத்தால் கொள்ளி வைக்க விடுவார்களா என்று தெரியாது. பெண்டுபிள்ளைகளை அந்நிய ஆண் தொட்டுப் பார்ப்பான். முகாமில் இருக்கும் நாளெல்லாம் கூலி கிடையாது. பூட்டிய வீட்டில் சட்டி பானை மிஞ்சுமா என்பதும் தெரியாது. பிளேக் வந்தால் வரலாம், வராமலும் போகலாம். இத்தனையும் நிச்சயம் வரும். எந்தத் தட்டு தாழும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதே சனங்கள் இன்னொன்றும் செய்தார்கள். எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டார்கள். பல இடங்களில் இதற்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. எலித் தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் கண்டு சொன்னபோது பெரிய நிபுணர்கள் பல ஆண்டுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏட்டறிவுக்கு எட்டாதது நடைமுறைக்கு எட்டியிருந்தது. இதற்காக நாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். ஓடியவர்களில் சிலர் உறவினர் ஊருக்கு ஓடி, துணி மூட்டையோடு நோயையும் கொண்டுபோனார்கள்.

1969இல் சான்சி ஸ்டார் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கணக்குச் சொன்னார். தானாக விரும்பி ஏற்கும் ஆபத்தை, மேலே திணிக்கப்படும் ஆபத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாக மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அந்தக் கணக்கு. எண்ணைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள், அது இருக்கட்டும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நாலாவது மாடிச் சாரத்தில் ஏறும் சித்தாள் விரும்பியா ஏறுகிறாள்? நமக்கு இந்த இரண்டையும் பிரிக்கும் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை.

2020க்கு வருவோம். மார்ச் கடைசியில் நஞ்சன்கூட்டு மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளிக்குக் கொரோனா கண்டது. அந்தத் தொடர்ச்சியில் எழுபதுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. மாவட்டமே நடுங்கியது. சீல் வைத்த தெருவில் இருந்தவனை நோய் தீர்ந்த பிறகும் கொல்லத்து வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. ஊருக்குப் போகலாமென்றால் அதற்கும் வழியில்லை. மே மாதத்தில் கட்டட முதலாளிகள் முதலமைச்சரைச் சந்தித்ததை அடுத்து, வெளிமாநிலத் தொழிலாளரின் சிறப்பு ரயில்களைக் கர்நாடக அரசு ரத்து செய்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகுதான் மீண்டும் விட்டது. நோய்க்காக வீட்டில் இரு என்றார்கள். வேலைக்காக ஊரில் இரு என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டவர் குறைவு. தருமபுரிப் பக்கத்துத் தோழர் ஒருவர் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போனார். கூட வேலை செய்த மூவருக்குத் தொற்றியது. அவர் செய்தது தவறு. ஆனால் அந்த நாலு நாள் கூலியை யார் கொடுத்திருப்பார்கள்?

இன்னொரு வேடிக்கை. 2020இல் மாவட்டத்தில் நூறு நோயாளிகூட இல்லாத நாளில் வாசலில் வந்த காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். 2021 ஏப்ரலில் நோய் தீயாய்ப் பரவியபோது முகக்கவசம் தாடையில் தொங்கியது. ஓராண்டு பயந்து பயந்து பயமே தேய்ந்துபோயிருந்தது. மே 2, 3 தேதிகளில் பக்கத்துச் சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டுக்கிடையே 24 நோயாளிகள் இறந்தார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் எங்கள் தெருவில் அது மூக்கின்மேல் ஏறியது.

இனி நம் வீட்டு அழுக்கையும் பேசியாக வேண்டும். 2021 ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி காலமானார். அன்று மாலைக்குள் நம் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் மூன்று குரல் பதிவுகள் வந்தன. ஊசிதான் கொன்றது என்றன. அவற்றைப் பரப்பியவர்களில் எங்கள் செயற்குழுவினரும் உண்டு. மூன்று வாரம் நாங்கள் மறுத்துப் பேசவில்லை. உண்மை என்னவென்றால் எங்களுக்கும் பயம். அவர் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழுவின் முடிவு அக்டோபரில் வந்தது. அதற்குள் எத்தனை பேர் தள்ளிப்போட்டார்கள்!

ஊசிப் பயம் எல்லாமே புரளி என்றும் சொல்ல மாட்டோம். 1902இல் பஞ்சாபின் முல்கோவாலில் பிளேக் ஊசி போட்டவர்களில் 19 பேர் ரணஜன்னி கண்டு செத்தார்கள்; ஒரு புட்டியில் கலந்த அசுத்தம் காரணம். அப்படி நடந்ததை மறைக்காமல் சொல்லி, கோடிக்கணக்கானோருக்கு நடக்காததையும் சொல்லியிருக்க வேண்டும். கோவின் தளமோ தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. நம் மொழியில் சொல்ல வேண்டிய நாங்களும் வாயை மூடியிருந்தோம்.

ஆகவே அடுத்த முறை தராசின் மறு தட்டில் கை வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 28 முதல், தனித்திருக்கச் சொல்லப்பட்ட குறைந்த வருமானக்காரருக்கு 500 பவுண்டு கொடுத்தார்கள். இங்கே ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு நோய் விடுப்பில் கூலியில் 70 சதவீதம் உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது? 2020இல் கர்நாடக அரசு கட்டடத் தொழிலாளருக்கு முதலில் 2,000 ரூபாயும் பிறகு 3,000 ரூபாயும் அறிவித்தது. அது நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். நம் ஆட்களில் பலரிடம் கார்டு இல்லை. இன்னும் இல்லை.

ஓராண்டில் 90 நாள் வேலை செய்த சான்று, வயதுச் சான்று, ஆதார் வேண்டும். வாசலில் மேசை போட்டிருக்கிறது. மேஸ்திரி சான்று தர மறுத்தால் பெயரை எங்களிடம் சொல்லுங்கள். பேச வேண்டிய இடத்தில் நாங்கள் பேசிக்கொள்கிறோம். கூட்டம் முடிந்தும் ஒன்பது மணி வரை எழுதிக்கொடுக்க ஆள் இருப்பார்கள்.