நெடுமரங்களும் அஸ்டோரியாப் பையன்களும்

இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் அறக்கட்டளை வைப்போர் நம்மிடம் உண்டு. விளையாட்டைப் பற்றிப் பேச வைப்பவர்கள் அரிது. வைத்த குடும்பத்தாருக்கு என் நன்றி. ஒரே ஒரு கல்லூரி அணியின் ஒரே ஒரு பருவத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அமெரிக்காவின் மேற்குக் கோடியில், யூஜீன் நகரில் இருக்கும் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் 1938–39 கூடைப்பந்து அணி அது.

அந்த அணிக்கு 'நெட்டை ஃபிர் மரங்கள்' என்று ஒரு பட்டப்பெயர். சூட்டியவர் 'தி ஓரிகோனியன்' நாளிதழின் விளையாட்டு எழுத்தாளர் கிரெகரி. அந்த மாநிலத்துக் காடுகளில் வானைத் தொட நிற்பவை ஃபிர் மரங்கள். சென்டர் ஸ்லிம் வின்டர்மியூட் ஆறடி எட்டங்குலம். ஃபார்வர்டுகள் லாடி கேல், ஜான் டிக் இருவரும் ஆறடி நாலங்குலத்துக்குக் குறையாதவர்கள். அந்தக் காலத்துக்கு இது மலைக்க வைக்கும் உயரம். அந்த அணி வென்றதற்கும் உயரமே காரணம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். உயரம் உதவியதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பருவத்தை ஜெயித்துக் கொடுத்தவை கால்கள் என்பதே என் கட்சி.

இதற்கு முதல் சாட்சி விதிப்புத்தகம். ஸ்பிரிங்ஃபீல்டில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். (1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். நம்முடைய ஆட்டத்துக்கும் வேர் அங்கேதான்.) வெகுகாலம் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோய், இரண்டு சென்டர்களுக்கு நடுவே தூக்கிப் போட்டார்கள். நெட்டையான சென்டர் இருந்தால் போதும், கூடை போட்ட அணிக்கே மறுபடி பந்து கிடைக்கும். 1937–38 பருவத்தில் இந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். கூடை வாங்கிய அணி எல்லைக்கோட்டிலிருந்து உடனே பந்தை எடுத்து ஆடலாம் என்றாயிற்று. நெட்டையருக்கு இருந்த பெரிய சலுகை போன மறு ஆண்டில்தான் நம் நெட்டை அணி கொடிகட்டிப் பறந்தது. இதை யாரும் கவனித்துப் பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பு.

புதிய விதியைப் பயன்படுத்தப் பந்தோடு பாய்பவர்கள் வேண்டும். ஓரிகனுக்கு அப்படி இருவர் இருந்தார்கள். கார்டுகளான பாபி அனெட்டும் வாலி ஜோஹன்சனும் கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள அஸ்டோரியாவிலிருந்து வந்தவர்கள். சால்மன் மீனைப் பிடித்து டப்பாவில் அடைக்கும் தொழிலில் வாழ்ந்த ஊர் அது. இருவரும் பள்ளி அணியிலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். கேப்டன் அனெட்டின் உயரம் ஐந்தடி எட்டங்குலம். நெட்டையர் ரீபவுண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த இருவரும் எதிரணி திரும்பி நிற்பதற்குள் மறுமுனைக்குப் போய்விடுவார்கள். பயிற்சியாளர் ஹோவர்ட் ஹாப்சன் இந்த ஃபாஸ்ட் பிரேக்கைச் சுற்றித்தான் அணியைக் கட்டினார்.

முந்தைய ஆண்டு பசிபிக் கரைப் பட்டத்துக்கான ஆட்டங்களில் ஸ்டான்ஃபோர்டிடம் இந்த அணி தோற்றிருந்தது. ஓடிக்கொண்டே ஒற்றைக் கையால் பந்தெறிந்து ஆட்டத்தின் போக்கையே மாற்றிய ஹாங்க் லூயிசெட்டி எதிரே நின்றார். அவர் படிப்பை முடித்துப் போனது ஓரிகனுக்கு அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். 1938 டிசம்பரில் ஹாப்சன் பையன்களை ரயிலேற்றிக் கிழக்கே கூட்டிப்போனார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிட்டி காலேஜிடம் இரண்டே பாயிண்டில் தோல்வி. ஆனால் அந்தப் பயணம் அணியைப் பழுக்கவைத்தது. திரும்பி வந்து பசிபிக் கரைப் பட்டத்தை வென்றார்கள்.

கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி அந்த 1939-இல்தான் முதன்முதலாக நடந்தது. எட்டே அணிகள். நடத்தியது பயிற்சியாளர்கள் சங்கம். அதற்காக முன்னின்று உழைத்தவர் ஒஹையோ ஸ்டேட் பயிற்சியாளர் ஹெரால்ட் ஓல்சன். மேற்குப் பகுதி ஆட்டங்கள் சான் பிரான்சிஸ்கோவில். ஓரிகன் டெக்சாஸை 56–41 என்றும் ஓக்லஹோமாவை 55–37 என்றும் முடித்தது. கிழக்கிலிருந்து இறுதிக்கு வந்தது ஓல்சனின் அணியேதான். பத்து விநாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதிக்காக வாதாடியவரும் இவரே. ஆட்டத்தை வேகப்படுத்த நினைத்தவர், அந்த வேகத்திடமே தோற்கப் போகிறார்.

மார்ச் 27, இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டனில் பேட்டன் ஜிம்னேசியம். பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 5,500 பேர். ஓரிகன் 46, ஒஹையோ ஸ்டேட் 33. வின்டர்மியூட் அன்று எடுத்தது நான்கே பாயிண்ட். அஸ்டோரியாப் பையன்கள் இருவரும் சேர்ந்து 19. ஆட்டத்தின் நடுவே எல்லைக்கு வெளியே ஓடிய பந்தைப் பிடிக்கப் பாய்ந்த அனெட், கோப்பை வைத்திருந்த மேசைமேல் போய் விழுந்தார். கோப்பையின் உச்சியிலிருந்த சிறு உருவம் ஒடிந்து போயிற்று. ஆட்டம் முடிந்ததும் இரண்டு துண்டாகவே அதை அவர் கையில் கொடுத்தார்கள். பருவம் முழுவதும் 29 வெற்றி, 5 தோல்வி.

கணக்குப் பார்த்தபோது சங்கத்துக்கு 2,531 டாலர் நஷ்டம். அடுத்த ஆண்டு முதல் பொறுப்பை தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அந்தப் போட்டிதான் இன்று கோடிகள் புரளும் மார்ச் மாதத் திருவிழா.

ஹாப்சன் பின்னாளில் ஆட்டத்தை எண்களால் அளந்து 'சயன்டிஃபிக் பேஸ்கட்பால்' என்ற நூலை எழுதினார். தொலைவிலிருந்து போடும் கூடைக்கு மூன்று பாயிண்ட் தரும் முறையை 1945-இல் ஓர் ஆட்டத்தில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவரும் அவர்தான். ஆனால் 1939-இன் ஸ்கோர் தாளில் கூடை, ஃப்ரீ த்ரோ, ஃபவுல் ஆகியவைதாம் இருக்கின்றன. அனெட் எத்தனை பாஸ் கொடுத்துக் கூடையாயிற்று என்பது எங்கும் பதிவாகவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள புகழ்க்கூடத்தில் ஹாப்சன் இருக்கிறார், ஓல்சன் இருக்கிறார், லாடி கேல் இருக்கிறார். அனெட் இல்லை.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி ஆட்டங்களின் ஸ்கோர் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். இனி எழுதும் புத்தகங்களில் பாயிண்டுக்குப் பக்கத்தில், பாஸ் கொடுத்தவருக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.