செவ்வாய்க்குப் போனால் திரும்பும் போட் எப்போது?

(வைப்பினில் நடந்த நம் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



செவ்வாய் என்றதும் நமக்கு ஜாதகக் கட்டம்தான் ஞாபகம் வரும். இன்று அந்தக் கிரகத்தின் மண்ணையும் காற்றையும் பற்றிச் சொல்கிறேன்.

அதன் விட்டம் சுமார் 6,780 கி.மீ.; பூமியில் பாதிக்குச் சற்று அதிகம். மண்ணிலுள்ள இரும்புத் துருவால் சிவப்பாகத் தெரிகிறது. ஒரு நாள் 24 மணி 39 நிமிஷம். வருஷத்துக்கு நம் கணக்கில் 687 நாள். இங்கே 60 கிலோ எடையுள்ளவர் அங்கே 23 கிலோதான் காட்டுவார். காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. காற்றழுத்தமோ இங்குள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரி. துருவங்களில் பனிக்கட்டி உண்டு.

நம் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. செலவு 450 கோடி ரூபாய். திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர். ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய கலம் 2022 வரை தொடர்பில் இருந்தது. ஆனால் அது திரும்பி வர வேண்டியதில்லை. மனிதன் வர வேண்டுமே!

இங்கேதான் எனக்கு வைப்பின் ஞாபகம் வருகிறது. 2004ல் கோஸ்ரீ பாலங்கள் வருமுன் எர்ணாகுளத்துக்கு நாங்கள் போட்டில்தான் போவோம். 1978ல் ஒரு மழை இரவு, கடைசி போட் போன பிறகு அப்பாவுக்கு மூச்சுத் திணறல். வஞ்சிக்காரர் எவரும் துணியவில்லை. அக்கரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஜெட்டியில் உட்கார்ந்திருந்தோம். விடிந்து முதல் போட்டில் கொண்டுபோனோம், பிழைத்தார்.

செவ்வாயில் அந்த விடியல் வர மாதக்கணக்காகும். அங்கே போக ஆறு முதல் ஒன்பது மாதம். பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலையில் அமைவது 26 மாதங்களுக்கு ஒருமுறை. ஆகவே போய்வர இரண்டரை, மூன்று வருஷம். வழியெல்லாம் கதிர்வீச்சு. அங்கிருந்து ரேடியோவில் பேசினால், தூரத்தைப் பொறுத்து இங்கே கேட்க 3 முதல் 22 நிமிஷம் ஆகும். நடுவில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் கூட இருப்பவர்தான் வைத்தியர்.

வழி இல்லாமலில்லை. 2021ல் இறங்கிய பெர்ஸெவரன்ஸ் ஊர்தியிலிருந்த மாக்ஸி என்ற கருவி, அங்குள்ள கரியமில வாயுவிலிருந்தே ஆக்ஸிஜன் தயாரித்தது. 2023 வரை மொத்தம் 122 கிராம்தான். ஆனால் அது சுவாசிக்க மட்டுமல்ல. திரும்பும் ராக்கெட்டில் ஏற்ற வேண்டிய எடையில் பெரும்பகுதி ஆக்ஸிஜன்தான். அதை அங்கேயே டன் கணக்கில் தயாரிக்க முடிந்தால், திரும்பும் போட் தயார்.

என் பேத்தி செவ்வாய்க்குப் போகப் போவதாகச் சொல்கிறாள். தாராளமாகப் போகட்டும். திரும்பும் கலம் எரிபொருளோடு அங்கே நிற்கிறதா என்று மட்டும் ஏறுமுன் கேட்டுக்கொள்ளட்டும். அன்று ஜெட்டியில் உட்கார்ந்திருந்தவன் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.