வேர்வையா, எண்ணெய்யா?

கல்முனை பஸாரில் கிறீம் வாங்க நிற்கும் பிள்ளைகள் பலர், "எனக்கு எண்ணெய் முகம்" என்றுதான் கேட்கிறார்கள். நமது கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். பகலில் எல்லார் முகமும் மினுங்கும். அது பெரும்பாலும் வேர்வை.

எது என்று அறிய, சுபஹுத் தொழுகை முடிந்த குளிர்ந்த நேரத்தில், மென்மையான சவர்க்காரத்தால் முகத்தைக் கழுவி ஒற்றி எடுங்கள். எதையும் பூசாமல் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூத் தாளை நெற்றி, மூக்கு, நாடி, கன்னம் என்று தனித்தனியாக அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வேர்வை ஈரம் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். எண்ணெய்யோ, வடை சுற்றிய தாளைப் போல, ஒளி ஊடுருவும் கறையாக நிற்கும். எல்லா இடத்திலும் கறை இருந்தால் எண்ணெய்த் தோல். நெற்றி, மூக்கு, நாடியில் மட்டும் என்றால் கலப்புத் தோல். கறையே இல்லாமல் முகம் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். இழுப்பும் இல்லையென்றால் சாதாரணத் தோல்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை இப்படிப் பாருங்கள், விடை மாறலாம்.

பெயர், தயாரிப்பாளர் விபரம் இல்லாத வெண்மைக் கிறீம்களை எந்தத் தோலுக்கும் வாங்காதீர்கள். அவற்றில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். அழகுசாதனங்களில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் 2013 மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. ஏற்கனவே பூசி எரிவோ சிவப்போ வந்திருந்தால், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள்.